மண்டபத்துக் காற்றில் கூரை திறக்கும் பழைய கார்: வாங்க, வைத்துக்கொள்ள 26 குறிப்புகள்

கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் கார் பணக்காரர் வீட்டுப் பொருள் என்று நினைக்கிறோம். புதிதாக வாங்கினால் அது சரிதான். இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய சாஃப்ட் டாப் ஜிப்ஸியோ, 1998இல் வந்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரோ நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டக்கூடியவை. இராமநாதபுரத்தில் கிளம்பி உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று அரிச்சல்முனை வரை போகிற சாலை இருக்கிறதே, திறந்த காருக்கு இதைவிட நல்ல சாலை தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் வானம்.

இரும்பை இவ்வளவு வேகமாகத் தின்னும் ஊரும் இதைப்போல் அதிகம் கிடையாது. காரைக்குடி சிக்ரி நிறுவனம் உலோக அரிமானத்தை ஆராய மண்டபம் முகாமில் தனியாக ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் தேவைப்பட்டன. பாலத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கார் தகட்டுக்கு என்ன ஆகும்? ஆகவே இந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியவை. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சேர்க்கலாம். சேஸ் போய்விட்டால் கார் போய்விட்டது.

1. எந்தக் கார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊர்க்காரருக்கு நான் முதலில் சொல்வது மாருதி ஜிப்ஸி சாஃப்ட் டாப். 1985 டிசம்பரில் வந்தது. முதலில் 970 சி.சி. எஞ்சின், 1996இல் ஜிப்ஸி கிங் என்ற பெயரில் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும். 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. இதைச் சுத்தமான ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல முடியாது. நான்கு பக்கமும் பட்டைத் தகட்டு ஸ்பிரிங், குலுக்கும். ஆனால் எஞ்சின் எஸ்டீம் காரின் உறவு, உதிரிபாகம் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். வாங்குவதாக இருந்தால் எம்.பி.எஃப்.ஐ. மாடலாகப் பாருங்கள்.

சான் ஸ்டார்ம் உண்மையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் வடிவம். பெங்களூரு நிறுவனம் செய்தது. ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சி.சி. எஞ்சின், சுமார் 60 குதிரைத் திறன். வேகத்தில் பெரிய வீரன் இல்லை. கனம் குறைவு என்பதால் ஓட்ட இன்பமாக இருக்கும். ஆனால் அந்த எஞ்சின் நம் நாட்டுச் சாலையில் அரிது. வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், கேஸ்கட் செட் மூன்றும் எங்கே கிடைக்கும் என்று கடை பெயரோடு தெரிந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

மூன்றாவது, 1961 முதல் சென்னைக்கு அருகே பெருங்களத்தூர் ஆலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அழகான கார், தனி சேஸ் உள்ள கார். ஆனால் தினமும் கவனிக்க ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது சரிப்படும்.

2. கூரையை அறுத்து 'ஓப்பன்' ஆக்கிய மாருதி எட்டுநூறையும் ஜென்னையும் தொடவே தொடாதீர்கள். ஜிப்ஸிக்கும் ஹெரால்டுக்கும் அடியில் தனியாக சேஸ் இருக்கிறது, பாரத்தை அது தாங்கும். மாருதி 800 போன்ற காரில் கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. கூரையை அறுத்தால் முதுகெலும்பை அறுத்த மாதிரி. ஒரு பள்ளத்தில் இறங்கினால் கதவு திறக்காது, மோதினால் உள்ளே இருப்பவர் நசுங்குவார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவும் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்ற இடம் தரவில்லை. எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

3. வண்டியை உள்நாட்டு ஊரில் தேடுங்கள். மதுரை, திண்டுக்கல், தேனி, கோவை, சேலம் பக்கம் ஓடிய வண்டியின் அடிப்பாகமும் கடற்கரை ஊரில் ஓடிய வண்டியின் அடிப்பாகமும் ஒன்றல்ல. டி.என். 65 போர்டு போட்ட வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம்; நம் மாவட்டத்திலேயே பரமக்குடியில் நின்ற வண்டிக்கும் மண்டபத்தில் நின்ற வண்டிக்கும் வித்தியாசம் தெரியும். சென்னை வண்டியானால் வெள்ளம் வந்த 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கே நின்றது என்று கேளுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிக்கும் 2023 டிசம்பர் கேள்வி உண்டு. வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது.

4. பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம், நீளமான ஸ்குரூடிரைவர், டார்ச், பழைய பாய். காலை வெயிலில் போங்கள். பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப் பெயிண்ட் அடித்த பழைய வண்டி என்றாலே ஏன் அடித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

காந்தத்தைக் கதவின் அடி ஓரம், சக்கரத்துக்கு மேல் வளைவு, பின்கதவின் கீழ்ப்பகுதி, விண்ட்ஷீல்டு ஃபிரேம் பாடியோடு சேரும் இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். பிடித்துக்கொண்டு வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஓர் உள்ளங்கை அளவு என்றால் பழைய இடிபாடாக இருக்கலாம். வளைவு முழுக்க வழுக்கினால் நடையைக் கட்டுங்கள்.

அடுத்து பாயை விரித்து அடியில் போங்கள். ஜிப்ஸியில் பாடி சேஸோடு சேரும் ரப்பர் மவுண்ட் இருக்கும் இடங்கள், ஸ்பிரிங்கின் ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். உள்ளே உரிந்திருந்தால் 'டொப்' என்று சத்தம் அமுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். சிவப்பாக மேலே படிந்த துரு பயப்பட வேண்டியதல்ல, தேய்த்தால் போகும். அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வருகிற துரு வந்தால் அந்த சேஸ் வேண்டாம். கறுப்புத் தார் போல அண்டர் கோட்டிங் கனமாகப் புதிதாக அடித்திருந்தால், விற்பவர் அனுமதியோடு ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். அனுமதிக்காதவரிடம் வாங்கவும் வேண்டாம்.

5. ஜாக்கி சோதனை. கதவு இரண்டையும் மூடித் திறந்து பாருங்கள். பிறகு முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டு மறுபடி அதே கதவைத் திறந்து மூடுங்கள். கொஞ்சம் இறுகுவது இயல்பு. மூடவே மறுத்தால், அல்லது இடுக்கு மேலே அகன்று கீழே நெருங்கினால், அடியில் எங்கோ பலம் போயிருக்கிறது. இது சான் ஸ்டார்முக்கும் பொருந்தும்: மேலே ஃபைபர் என்றாலும் அடியில் இருப்பது இரும்புதான். "ஃபைபர் வண்டி சார், துருவே பிடிக்காது" என்று விற்பவர் சொன்னால் பாதிதான் உண்மை.

6. டாப்பை நீங்களே ஒருமுறை மடக்கி, ஒருமுறை மூடிப் பாருங்கள். விற்பவர் செய்து காட்டுவது போதாது. பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றி, உள்ளே தரைவிரிப்பைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். டாப் கிழிந்திருப்பது பெரிய செலவல்ல. அந்தக் கிழிசல் வழியே நாலு வருடம் மழைநீர் தரைத்தகட்டில் நின்றிருந்தால் அதுதான் செலவு.

7. ஆவணம். ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் கண்ணால் படித்து ஒப்பிடுங்கள். பென்சில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை வண்டியில் துருவே சேஸ் எண்ணைத் தின்றிருக்கும். எண் தெளிவாக இல்லாவிட்டால் பெயர் மாற்றத்திலிருந்து எல்லாமே சிக்கல். பாடி வகை சாஃப்ட் டாப் என்று பதிவாகி இருக்கிறதா பாருங்கள். தனியார் காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து வருடம் கிடைக்கும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஆகவே புதுப்பிப்பு முடிந்த வண்டியா, முடிக்க வேண்டிய வண்டியா என்பதை விலை பேசும்போதே பேசுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப்பணம் தர வேண்டாம். கடன் இருந்தால் படிவம் 35, வெளி மாநில வண்டிக்கு என்.ஓ.சி. வேண்டும். வண்டி வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போய்விட வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான்.

8. டெல்லியில் 15 வருடம் ஆன பெட்ரோல் காருக்குக் கெடுபிடி என்பதால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரும். உப்புக் காற்று படாத வண்டிகள், தகடு நன்றாகவே இருக்கும். என்.ஓ.சி. சரியாக இருந்து, இங்கே மறுபதிவுச் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்து, அப்போதும் மலிவு என்றால் யோசிக்கலாம்.

9. ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்றால், ஏலக் காகிதமும் சிவில் பதிவும் முடிந்ததா பாருங்கள். "பதிவு பண்ணிக்கலாம்" என்ற பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள்.

10. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். டயர், பிரேக், குழாய்கள், டாப் தையல் என்று முதல் வருடத்திலேயே அது தேவைப்படும். மூன்றில் இரண்டு பங்குக்கு நல்ல சேஸ் உள்ள வண்டி கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

11. இனி வைத்துக்கொள்ளும் கலை. முதல் பாடம் தண்ணீர். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அதேதான் காரின் மேலும் நடக்கிறது: காற்றில் வந்து படிந்த கடலுப்பு இரவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டின் மேல் உப்புநீராக நிற்கும். துருவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஆகவே உப்பைக் கழுவி எடுப்பதுதான் மருந்து, மற்றதெல்லாம் துணை மருந்து.

ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாது. நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரித்தால் அதில் காரைக் கழுவுவது உப்பைக் கொண்டுபோய் அடியில் பூசுவதற்குச் சமம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் அதைவிட மோசம், அதில் உப்பு செறிந்திருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குழாய் பிடித்துக் காரில் ஊற்ற யாருக்கும் மனம் வராது, ஊற்றவும் கூடாது. மிச்சம் இருப்பவை இரண்டு: மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழைநீர், ஏ.சி. வெளியேற்றும் தண்ணீர். ஏ.சி. தண்ணீரில் உப்பே இல்லை. இரவு முழுக்க ஓடும் ஏ.சி.யின் குழாய்க்கு அடியில் ஒரு குடம் வைத்தால் காருக்கு வேண்டியது சேர்ந்துவிடும்.

12. பயிருக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயர் புதிதாக ஒன்று காருக்கென்றே வாங்குங்கள். பத்து லிட்டர் போதும். வாரம் ஒருநாள் சக்கர வளைவின் உள்பக்கம், சேஸ் சட்டத்தின் இடுக்கு, ஸ்பிரிங், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் என்று அடியில் மட்டும் அடியுங்கள். மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் ஊரில் எல்லாரும் மேலே பளபளக்கக் கழுவிவிட்டு அடியை விட்டுவிடுகிறார்கள். உப்பு தின்பது அடியைத்தான்.

13. கழுவியதும் ஓட்டி உலர்த்துங்கள். ஈரத்தோடு நிறுத்தாதீர்கள்.

14. கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்தால் உள்ளே தண்ணீர் தங்கி, உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். ஈர்க்குச்சியால் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

15. நிறுத்தும் இடத்தைக் காற்று பார்த்து முடிவு செய்யுங்கள். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து காற்று தூக்கியடிக்கும்போது தென்கடல் உப்பு வரும். ஐப்பசி தொடங்கி வாடை வீசும்போது வடகடல் உப்பு. வீட்டின் சுவர் காற்றை மறைக்கும் பக்கத்துக்கு காரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கரையில் படகு கட்டுவது என்று பார்க்கும் மீனவர் கணக்கேதான் இதற்கும். மேலே பனை ஓலைக் கொட்டகை, கீழே சிமென்ட் தரை அல்லது ஜல்லி. மணலிலும் புல்லிலும் நிறுத்தினால் ஈரம் கீழிருந்து ஏறும். குடைவேல மரத்து நிழல் குளுமைதான். முள் டயரில் ஏறும்.

16. பிளாஸ்டிக் கார் கவர் போட்டு மூடி வைப்பதை விட்டுவிடுங்கள். உள்ளே உப்பு, உள்ளே ஈரம், மேலே வெயில்: வேகவைக்கிற மாதிரி. மூச்சு விடும் துணிக் கவர் ஆனால் சரி, அதுவும் கழுவித் துடைத்த வண்டிக்கு மட்டும். கவரில் ஒட்டிய மணலோடு காற்றில் ஆடினால் பெயிண்டும் போகும்.

17. துருப்பொட்டு தெரிந்த வாரத்திலேயே வேலையை முடியுங்கள். கம்பி பிரஷ், எண்பதாம் நம்பர் தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்க்கவும். பலரும் அங்கேயே ரெட் ஆக்சைடு அடித்துவிடுகிறார்கள். இல்லை, தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்பு உள்ளே இருந்தால் ஆறே மாதத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும். பிறகு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே பெயிண்ட். வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்கு முன் முடித்துவிடுங்கள். சாயங்கால ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் நிற்காது. படகுக்குப் பெயிண்ட் விற்கும் கடைகளில் நல்ல எபாக்சி பிரைமர் கிடைக்கும். கார் பெயிண்ட் கடையைவிட அங்கே கேட்பது மேல்.

18. பழைய எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து அடியில் அடிக்கும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. துருவை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மழையில் வடிந்து கடலுக்குத்தான் போகும். அதற்குப் பதில் சேஸ் சட்டத்தின் உட்குழிவில் மெழுகு வகை கேவிட்டி ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள். செலவு கூடுதல், பலன் பல மடங்கு.

19. படகின் அடியில் துத்தநாகக் கட்டி மாட்டுகிறார்களே, காருக்கும் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இல்லை. அது தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். கரையில் நிற்கும் காருக்குக் காப்பு ஆகாது.

20. மின்சாரம். திறந்த காரில் டேஷ்போர்டு வரை உப்புக்காற்று போகும். பேட்டரி டெர்மினலிலும் எர்த் ஒயர் மாட்டிய ஒவ்வொரு போல்ட்டிலும் சுத்தம் செய்து வாஸலின் தடவுங்கள். சான் ஸ்டார்ம் வைத்திருப்பவர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: ஃபைபர் பாடி மின்சாரம் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் ஓடும். பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கினால், பல்பை மாற்றாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான்.

21. ஃபைபர் பாடி விரிசல் விட்டால் கார் பட்டறையைவிட ஃபைபர் படகு வேலை செய்பவரிடம் போங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் இந்தக் கைகாரர்களுக்குப் பஞ்சம் இல்லை. ரெசின், மேட், ஹார்டனர் மூன்றும்தான் அவர்களுக்கும் தொழில். அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. முதலில் ஒரு நாணயத்தால் பாடியைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் செத்துப்போகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். அந்தக் கோடு நாம் கண்ணால் பார்த்த விரிசலைவிட ஒரு சாண் தள்ளி இருக்கும். "வெளிய தெரியிறது கொஞ்சம்தாண்ணே, மேட்டு உள்ளுக்குள்ள விட்டுருச்சு" என்பார். விரிசலை 'வி' மாதிரி தோண்டி, உள்பக்கம் மூன்று அடுக்கு மேட் வைத்து, ரெசினை பிரஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழியை வெளியேற்றுவார். மேலே பட்டி வைத்து மறைக்கிற பேச்சே கிடையாது. கார் பாடி படகைவிட மெல்லியது, மேற்புறம் வழுவழுப்பாக வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். கடைசித் தேய்ப்பும் பெயிண்டும் கார் பெயிண்டரிடம்.

காலம் பார்த்துப் போகவும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையேறிப் பழுதுபார்ப்பு நடக்கும் நேரம். அப்போது காரைக் கொண்டுபோய் நிற்பது அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். ஜூலையில் போனால் நிதானமாகச் செய்துகொடுப்பார்கள்.

22. டாப். கம்பெனி டாப் கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். ஆட்டோவுக்கு டாப் தைப்பவர்கள் இராமநாதபுரத்தில் இருக்கிறார்கள். பழைய டாப்பைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள், அதுதான் அளவு. பருத்தி நூல் வேண்டாம், வெயிலிலும் உப்பிலும் இற்றுவிடும். தடித்த பாலியெஸ்டர் நூல் கேளுங்கள். ஜிப் இரும்பில் வேண்டாம், நைலானில் போடச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை மெழுகுவர்த்தியால் பல்லின் மேல் தேய்த்தால் சிக்காது. பின்பக்கத்துக் கண்ணாடித்தாளை மடிக்கக்கூடாது, சுருட்ட வேண்டும், நடுவில் ஒரு மெல்லிய துணி வைத்து. ஈர டாப்பை மடித்து வைத்தால் மூன்றே நாளில் பூஞ்சணம். டாப்பின் மேல் ஆடும் பூனையும் ஏறாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. கொட்டகைக்கு ஒரு தட்டி கட்டிவிடுவது உத்தமம்.

23. பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாங்கிய உடனே பெட்ரோல் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எரிபொருள் கசிந்தால் தீ விபத்துதான். இதில் சிக்கனம் வேண்டாம். டேங்கில் பாதிக்குக் குறையாமல் வையுங்கள், ஒரே பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை, உச்சிப்புளி வரையாவது போய்வாருங்கள். நீண்ட நாள் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கைப் போட வேண்டாம், உப்பில் பின் டிரம் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

24. பாலமும் தனுஷ்கோடியும். 1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் கூரை திறந்து போகும்போது நிறுத்திப் படம் எடுக்க ஆசை வரும். நிறுத்தாதீர்கள்; பின்னால் பஸ் வருகிறது. மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் பக்கத்து ரயில் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் துணி டாப்பைப் பாதி மாட்டி, பாதி திறந்து போகக்கூடாது: ஒன்று முழுக்க மூடி எல்லா பட்டனையும் மாட்டுங்கள், அல்லது முழுக்க மடக்கிக் கட்டுங்கள். படபடக்கும் டாப் பாலம் தாண்டுவதற்குள் கிழிந்துவிடும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறந்தது. அதற்கு முன் மணலிலும் கடல் நீரிலும் வேன்கள்தான் ஓடின. இப்போது தார்ச்சாலை இருக்கும்போது நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று ஜிப்ஸியைக் கடலோர மணலில் இறக்காதீர்கள். காருக்குக் கேடு ஒருபக்கம். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், வலசை வரும் பறவைகளுக்கு நம் சக்கரத்தால் தொல்லை வேண்டாம். அரிச்சல்முனை போய் வந்த அன்றே, மறுநாள் என்று தள்ளாமல், குறிப்பு 12இல் சொன்ன கழுவலைச் செய்துவிடுங்கள்.

25. பிள்ளைகளோடு போகும்போது ஜிப்ஸியின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு வர விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். பக்கவாட்டு இருக்கை என்றாலும் பெல்ட் போட்டுக்கொடுங்கள். நம் ஊர் வெயில் பத்து மணிக்கு மேல் திறந்த காருக்கானது அல்ல. விடிகாலையும் மாலை ஐந்துக்கு மேலும்தான் கூரை திறக்கும் நேரம். தலைக்குத் துண்டு, கையில் தண்ணீர், மணல் அடிக்கும் என்பதால் கண்ணுக்கு ஒரு கண்ணாடி.

26. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், இன்சூரன்ஸைப் பாருங்கள். சட்டத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதும். ஆனால் 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் கரையோரமே நின்று பெய்தது, 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெள்ளத்தையும் புயலையும் சேர்த்த முழுக் காப்பீடு பழைய காருக்கும் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் போடுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய உடனே காரை மேட்டில் நிறுத்தி, டாப்பை மூடி, மேலே ஒரு தார்ப்பாய் போட்டு நைலான் கயிற்றால் சேஸோடு கட்டுங்கள். மரத்தடியும் ஓட்டுக் கொட்டகையும் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தால், வடிந்த பிறகு சாவியைத் திருப்பாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லி எஞ்சின் ஆயில், கியர் ஆயில், முன்பின் அச்சு ஆயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பால் டீ நிறத்தில் இருந்தால் அத்தனையையும் மாற்றிவிடுங்கள்.